வான்வெளி என்றால் எதுவரை? மேலே யார் கோடு போட்டது?

கண்ணாடிமீன்:

செய்தியைத் திறந்தால் வான்வெளியை மூடிவிட்டார்கள், வான்வெளிக்குள் அத்துமீறி நுழைந்துவிட்டார்கள், எங்கள் வான்வெளி வழியாகப் போகக்கூடாது என்றுவிட்டார்கள், இப்படியே வருகிறது. நிலத்தில் வேலி போடலாம். கடலில்கூட வரைபடத்தில் கோடு இழுத்து இத்தனை மைல் என்று சொல்லிவிடுகிறார்கள். வானத்தில் எப்படி?

எனக்கு மூன்று சந்தேகம். ஒரு நாட்டின் வான்வெளி எவ்வளவு உயரம் வரை? செயற்கைக்கோள்கள் நாள் முழுக்க எல்லா நாட்டுத் தலைக்கு மேலும் சுற்றுகின்றன, அதை யாரும் அத்துமீறல் என்று சொல்லிக் கேட்டதில்லை. அடுத்தது, விமானங்களை நேரலையில் காட்டும் செயலிகளில் நடுக்கடலைக்கூடக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்ப் பெயர் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கடலுக்கு மேலே இருக்கும் வானம் அந்த நாட்டுக்குச் சொந்தமா? கடைசியாக, ஒருவருடைய மனைக்கு மேலே இருக்கும் வானம் யாருடையது, அவருடையதா, அரசுடையதா? தேடிப் பார்த்தால் வான்வெளி, வான்பரப்பு, ஆகாயவெளி, விண்வெளி என்று ஆளுக்கொரு சொல் போட்டு இன்னும் குழப்புகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரிதி:

வான்வெளி, வான்பரப்பு, ஆகாயவெளி மூன்றும் ஒன்றுதான், எழுதுபவரின் பழக்கத்தைப் பொறுத்தது. விண்வெளியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதற்குச் சட்டமே வேறு.

சட்டப்படி அடிப்படை 1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை. அதன் முதல் பிரிவே இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் ஆட்சிப்பகுதிக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு, அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. 1919-ல் பாரிஸில் போட்ட ஒப்பந்தத்திலேயே இந்தக் கொள்கை வந்துவிட்டது. முதல் உலகப் போரில் விமானம் என்ன செய்யும் என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அதற்கப்புறம் கடலைப் போல வானமும் எல்லோருக்கும் பொது என்று பேச ஆள் இல்லை.

ஆட்சிப்பகுதி என்பதில் நிலம் மட்டுமல்லாமல் கரையோரக் கடலும் அடக்கம். இப்போதைய கடல் சட்டப்படி அது 12 கடல்மைல் வரை போகலாம், சுமார் 22 கிலோமீட்டர். இதில் பலருக்கும் தெரியாத ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்த 12 மைலுக்குள் அயல்நாட்டுக் கப்பல் தொந்தரவு எதுவும் செய்யாமல் கடந்து போனால் தடுக்க முடியாது, அதற்கு அந்த உரிமை உண்டு. அதே தண்ணீருக்கு மேலே பறக்கும் விமானத்துக்கு அந்த உரிமை கிடையாது, அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். ஜிப்ரால்டர் போன்ற சர்வதேச நீரிணைகள் மட்டும் விதிவிலக்கு, அங்கே கப்பலும் விமானமும் கடந்து போகலாம். 1986-ல் அமெரிக்கா பிரிட்டனிலிருந்து குண்டுவீச்சு விமானங்களை லிபியாவுக்கு அனுப்பியபோது பிரான்சும் ஸ்பெயினும் தங்கள் வான்வெளியைத் தர மறுத்துவிட்டன. அந்த விமானங்கள் அட்லாண்டிக் பக்கம் சுற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் வழியாகத்தான் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. வல்லரசாக இருந்தும் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

12 மைலைத் தாண்டிவிட்டால் வானம் யாருக்கும் சொந்தமில்லை. 200 கடல்மைல் பொருளாதார மண்டலம் என்று சொல்கிறார்களே, அந்த உரிமை மீனுக்கும் எண்ணெய்க்கும்தான், மேலே பறப்பதைத் தடுக்க அதைக் காட்ட முடியாது.

உயரக் கணக்குக்கு வருகிறேன். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட மேல் எல்லை என்று ஒன்று இல்லை. ஆமாம், இல்லவே இல்லை. சிகாகோ உடன்படிக்கை உயரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1967-ல் வந்த விண்வெளி ஒப்பந்தம் விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக்கூடாது என்கிறது, ஆனால் அந்த விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று அதுவும் சொல்லவில்லை. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டு வானம் பெயரில்லாமல் கிடக்கிறது.

செயற்கைக்கோளை யாரும் அத்துமீறல் என்று சொல்லாததற்குக் காரணம் 1957 அக்டோபர் 4. அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அது யாரிடமும் கேட்காமல் பல நாடுகளுக்கு மேலே சுற்றி வந்தது, ஒரு நாடும் என் வான்வெளியை மீறிவிட்டாய் என்று முறையாக ஆட்சேபிக்கவில்லை. அந்த மௌனமே வழக்கமாகி, பிறகு சட்டமாகிவிட்டது. அமெரிக்காவுக்கும் உள்ளூர அதில் வசதிதான், அவர்களும் உளவுக்கோள் அனுப்பும் திட்டத்தில் இருந்தார்களே. ஆனால் அதே சோவியத் 1960 மே மாதம் தன் நாட்டுக்கு மேலே சுமார் 21 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த அமெரிக்க யூ-2 உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, உலகமே அதிர்ந்தது. 21 கிலோமீட்டரில் போனால் குற்றம், சில நூறு கிலோமீட்டரில் போனால் யாரும் கேட்பதில்லை. நடுவில் எங்கோ கோடு இருக்கிறது, எங்கே என்றுதான் எழுதி வைக்கவில்லை.

சுட்டெரி:

100 கிலோமீட்டர் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறதே பரிதி? கார்மான் கோடு. கோடு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பரிதி:

கார்மான் கோடு இருக்கிறது, மறுக்கவில்லை. பறப்புச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 100 கிலோமீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிது: உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும், இறக்கை தூக்கிப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரு கட்டத்தில் அந்த வேகம் பூமியைச் சுற்றிவரத் தேவையான வேகத்துக்கே வந்துவிடும், அதற்கு மேல் இறக்கைக்கு வேலையில்லை. அமெரிக்காவில் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் தாண்டினாலே விண்வெளி வீரர் என்கிறார்கள். நான் சொன்னது நாடுகள் கையெழுத்துப் போட்ட எல்லையைப் பற்றி. அது இன்றுவரை இல்லை, ஐ.நா. விண்வெளிக் குழுவில் இந்தப் பேச்சு பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1976-ல் பூமத்தியரேகையை ஒட்டிய எட்டு நாடுகள் போகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் புவிநிலைப் பாதையும் (செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோலச் சுற்றும் பாதை) எங்கள் சொத்துதான் என்று அறிவித்தன. கொலம்பியா, பிரேசில், இந்தோனேசியா, கென்யா எல்லாம் அதில் இருந்தன. மற்ற நாடுகள் சட்டை செய்யவில்லை. ஆனால் அவர்கள் ஆதங்கம் நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றும், பணக்கார நாடுகள் முதலில் போய் நல்ல இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வது?

கோபுரம்118:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். செயலியில் நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டங்களின் பெயர் எஃப்.ஐ.ஆர். காவல் நிலையத்தில் போடுவது அல்ல, பயப்பட வேண்டாம். விமானத் தகவல் மண்டலம் என்று சொல்லலாம். உலகத்தின் வானம் முழுவதையும், பெருங்கடல் உட்பட, ஐகாவோ என்ற சர்வதேச அமைப்பு மூலம் இப்படிப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் பறக்கும் விமானத்துக்கு வானிலை, மற்ற விமானங்களின் நிலை போன்ற தகவல் தருவது, ஆபத்து என்றால் தேடுபவர்களுக்குச் சொல்லி அனுப்புவது, பெரும்பாலான இடங்களில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, இதெல்லாம் ஒரு குறிப்பிட்ட நாட்டின் வேலை. வேலை மட்டும்தான். சொத்து கிடையாது.

ஆக வானத்தில் இரண்டு வரைபடம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று யாருக்குச் சொந்தம் என்பது, இன்னொன்று யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. பல இடங்களில் இரண்டும் பொருந்திப் போகும். பொருந்தாத இடங்களில்தான் தகராறு. இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்கு மேலே இருக்கும் வானத்தை 1946 முதல் சிங்கப்பூர்தான் பார்த்துக்கொண்டு வந்தது. சொந்த நாட்டுத் தீவுக்கு மேலே பறக்க அடுத்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டியிருக்கிறதே என்று இந்தோனேசியாவுக்கு நெடுநாள் மனக்குறை. 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு, 2024 மார்ச்சில் எல்லையை மாற்றி வரைந்தார்கள். அப்போதும் சாங்கி விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பகுதியின் தாழ்ந்த உயரங்களைச் சிங்கப்பூரிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேறுபாடு ஒரு பெரிய விபத்தில் போய் முட்டியது. 2002 ஜூலை 1 இரவு யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 71 பேர் இறந்தார்கள். ஊர் ஜெர்மனியில் இருக்கிறது. அந்த வானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரக் கட்டுப்பாட்டு அறை. பொறுப்பு யாருடையது? 2006-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் ஜெர்மனிதான் பொறுப்பு என்றது, வான்போக்குவரத்தைக் கவனிப்பது ஜெர்மன் அரசின் கடமை, அதை அப்படி இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது என்பது அதன் வாதம். வழக்கு அதற்கப்புறம் சமரசத்தில் முடிந்தது, அது வேறு கதை.

அப்புறம் விமானிகள் வான்வெளி என்று சொன்னால் அவர்கள் மனதில் நாடு இருக்காது, வகுப்பு இருக்கும். ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்பு. ஏ வகுப்பில் கருவிகளை நம்பிப் பறக்கும் முறைக்கு மட்டும் இடம், கட்டுப்பாட்டாளர் சொல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. ஜி வகுப்பில் யாரும் யாருக்கும் அனுமதி தருவதில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பறக்க வேண்டியதுதான். நடுவில் இருக்கும் வகுப்புகளில் யாருக்கு அனுமதி தேவை, யாரை யாரிடமிருந்து விலக்கி வைப்பார்கள் என்பது மாறும். எல்லா நாடும் ஏழு வகுப்பையும் பயன்படுத்துவதில்லை.

கண்ணாடிமீன்:

பரிதி, கோபுரம்118, இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு வரைபடம் என்றதும் பல விஷயம் புரிந்தது. இப்போது இன்னொரு கேள்வி. வான்வெளியை மூடினோம் என்கிறார்களே, அதை நடைமுறையில் எப்படிச் செய்வது? கதவா இருக்கிறது மூட? பொறுப்பு மட்டும்தான், சொத்து இல்லை என்ற பகுதியையும் மூட முடியுமா?

கோபுரம்118:

மூடுவது என்பது ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். நோட்டாம் என்று பெயர். எந்தப் பகுதி, எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை, எப்போதிலிருந்து எப்போது வரை என்று சுருக்கெழுத்தில் போட்டு உலகம் முழுக்க அனுப்பிவிடுவார்கள். விமான நிறுவனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதை போடும். எல்லோருக்கும் மூடலாம், குறிப்பிட்ட நாட்டு விமானங்களுக்கு மட்டும் மூடுவதும் நடக்கிறது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, ரஷ்யா திருப்பி அவர்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா வழியாகச் சுமார் 9 மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானம், வடதுருவம் பக்கமாகவோ தெற்காகவோ சுற்றி 13 மணி நேரம் பறக்கிறது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதுதான் அந்த நிறுவனத்தின் வியாபாரமே, ஒரே அறிவிப்பில் அது போய்விட்டது.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு எம்.எச்.17. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் சண்டை நடந்த பகுதிக்கு மேலே 32,000 அடி வரை வான்வெளியை மூடியிருந்தார்கள். அதற்கு மேலே திறந்திருந்தது. அந்த மலேசிய விமானம் 33,000 அடியில் போனது, விதிப்படி எந்தத் தவறும் இல்லை. தரையிலிருந்து வந்த ஏவுகணைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. 298 பேரும் போனார்கள். திறந்திருக்கிறது என்று அறிவிப்பில் இருப்பதற்கும் பத்திரமாக இருக்கிறது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் இந்தத் தொழில் கற்றுக்கொண்டது. இப்போது பல நிறுவனங்கள் அரசு அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் தாங்களே சில பகுதிகளைத் தவிர்த்துவிடுகின்றன.

கடைசிக் கேள்விக்கு: பொதுக்கடலின் மேலே இருக்கும் பகுதியைச் சட்டப்படி மூட முடியாது, ஆபத்து என்று எச்சரிக்கலாம். அதனால்தான் ஏவுகணைச் சோதனைக்குக் கடலில் ஆபத்துப் பகுதி என்று அறிவிக்கிறார்கள், தடைப்பகுதி என்று போடுவதில்லை. ஆனால் நடைமுறையில் கட்டுப்பாட்டு அறை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கை ஓங்கித்தான் இருக்கும். 2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து அதன் விமானங்களுக்கு வான்வெளியையும் மூடியபோது கத்தாருக்கு என்று தனி மண்டலமே கிடையாது, அதைச் சுற்றியிருந்த வானம் பஹ்ரைன் மண்டலத்தில் இருந்தது. கத்தார்காரர்கள் ஐகாவோவிடம் போய் முறையிட்டு, கடலுக்கு மேலே சில மாற்றுப் பாதைகளைத் திறக்க வைத்தார்கள். பட்டது போதும் என்று கத்தார் தனி மண்டலம் கேட்டு வாங்கிக்கொண்டது, 2022 செப்டம்பரில் தோஹா மண்டலம் செயல்படத் தொடங்கியது.

சுட்டெரி:

அத்துமீறினால் சுட்டுவிடலாமா? சட்டம் அனுமதிக்கிறதா?

பரிதி:

பயணிகள் விமானத்தைச் சுடக்கூடாது. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போன தென்கொரிய விமானத்தைச் சுட்டு 269 பேர் இறந்த பிறகு, மறு ஆண்டே சிகாகோ உடன்படிக்கையில் இதற்கென்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். இறங்கச் சொல்லலாம், போர் விமானம் அனுப்பி வழிமறிக்கலாம், ஆயுதம் எடுக்கக்கூடாது. அது போதுமான நாடுகளின் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வர 1998 ஆகிவிட்டது, கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

ராணுவ விமானத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2015 நவம்பரில் துருக்கி ஒரு ரஷ்யப் போர் விமானத்தைச் சுட்டது. அது தன் வான்வெளிக்குள் 17 விநாடி இருந்தது என்பது துருக்கியின் கணக்கு. நுழையவே இல்லை என்றது ரஷ்யா. 17 விநாடி! அந்த வேகத்தில் அது நாக்குப் போல நீண்டிருக்கும் ஒரு துண்டு நிலத்தைக் குறுக்கே கடக்கும் நேரம்தான்.

மண்வெட்டி:

எல்லோரும் நாடு, ராணுவம் என்றே போகிறீர்கள். மனைக்கு மேலே யாருக்கு உரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே, அது என் பக்கம்.

ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய கொள்கை ஒன்று உண்டு, மண் யாருடையதோ அவருக்கே மேலே வானம் வரையும் கீழே பாதாளம் வரையும் சொந்தம் என்று. விமானம் வந்ததும் அது தாங்கவில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் காஸ்பி என்ற கோழிப்பண்ணைக்காரர் வழக்குப் போட்டார். பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு மேலே 83 அடியில் பறந்தன, சத்தத்தில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதியே செத்தன, மொத்தம் 150 கோழி. 1946-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வானம் வரை சொந்தம் என்ற பேச்சுக்கு இந்தக் காலத்தில் இடமில்லை, அப்படியென்றால் கண்டம் தாண்டும் ஒவ்வொரு விமானத்தின் மேலும் எண்ணற்ற வழக்கு வரும். ஆனால் நிலத்தை நியாயமாக அனுபவிக்க எவ்வளவு உயரம் தேவையோ அது நிலக்காரருடையது, அதற்குள் ஓயாமல் பறந்தால் நஷ்டஈடு கொடு. நல்ல தீர்ப்பு என்பேன். 1970-களில் இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டை வானிலிருந்து படம் எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டபோதும் இதே அளவுகோல்தான், அவர் தோற்றார், அவ்வளவு உயரம் அவருக்குத் தேவையில்லை என்றுவிட்டார்கள். அந்த அளவு எத்தனை அடி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ட்ரோன் வந்ததும் பழைய தலைவலி மறுபடி தொடங்கியதற்கு அதுதான் காரணம், பல நாடுகளில் ட்ரோனுக்கு 120 மீட்டர் வரை என்று மேல் எல்லை மட்டும் இருக்கிறது, கீழ் எல்லை பற்றித் தெளிவில்லை.

நியூயார்க்கில் இந்த வானத்தை விற்கவே செய்கிறார்கள். ஒரு மனையில் இத்தனை பரப்பளவு கட்டலாம் என்று விதி இருக்கும், நீங்கள் குறைவாகக் கட்டியிருந்தால் மிச்ச உரிமையைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்றுவிடலாம், அவர் தன் கட்டடத்தை அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்வார். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேலே கோபுரம் கட்ட அனுமதி மறுத்த வழக்கு 1978-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், மறுத்தது செல்லும் என்று தீர்ப்பானது. நிலையத்துக்காரர்கள் அந்த உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

இன்னொன்று, சம்பந்தம் உண்டோ இல்லையோ சொல்லிவிடுகிறேன். குப்பைக் கிடங்கு கட்டும் பொறியாளர்களும் வான்வெளிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இதே ஏர்ஸ்பேஸ் என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கிடங்கில் இன்னும் குப்பை கொட்ட எவ்வளவு கன அளவு மீதி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு ஏர்ஸ்பேஸ். குப்பையை நன்றாக மிதித்து அமுக்கினால் அது மிச்சமாகும்.

கண்ணாடிமீன்:

கோழிக்கும் குப்பைக்கும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று. வான்பாதுகாப்பு அடையாள மண்டலம் என்று சீனா அறிவித்ததாகப் படித்தேன், அதுவும் வான்வெளிதானா?

கோபுரம்118:

இல்லை. 2013 நவம்பரில் கிழக்குச் சீனக் கடலில் சீனா அறிவித்தது அது. இதைத் தொடங்கி வைத்தது 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காதான். கரைக்கு வெகுதூரம் வெளியே, பொதுக்கடலுக்கு மேலே ஒரு கோடு போட்டு, இதற்குள் வந்தால் நீ யார், எங்கே போகிறாய் என்று சொல் என்பார்கள். அங்கே இறையாண்மை எதுவும் கிடையாது. அந்த மண்டலத்துக்குள் போர் விமானங்கள் வந்தன என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அவை அந்த நாட்டின் வான்வெளியைத் தொட்டிருக்காது. தலைப்பில் இரண்டையும் ஒன்றாக்கிப் போடும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பரிதி:

12 மைல் கணக்கும் எல்லா இடத்திலும் நேராக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜியன் கடலில் கிரீஸ் தன் கடல் எல்லை 6 மைல் என்கிறது, வான்வெளி மட்டும் 10 மைல் என்கிறது, 1931-ல் போட்ட ஆணை அது. தண்ணீரைவிட வானம் எப்படி அகலமாக இருக்கும் என்று துருக்கி கேட்கிறது, 6 மைல் வரைதான் ஏற்கிறது. நடுவில் இருக்கும் அந்த 4 மைலில் துருக்கிப் போர் விமானங்கள் பறந்தால் கிரீஸ் அத்துமீறல் என்று எழுதிக்கொள்ளும், துருக்கி பொதுவானில் பறந்தோம் என்று எழுதிக்கொள்ளும்.